டன்கெல்டில் அம்மாவும் குழந்தைகளுமாக நடக்க எந்தப் பாதை நல்லது?

கும்பகோணத்துப்பெண் | செப்டம்பர் 22, இரவு 9.40

வணக்கம். நாங்கள் எடின்பரோவில் இருக்கிறோம். அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. வீடு, சூப்பர் மார்க்கெட், மழை பெய்யாத நாளில் பக்கத்துப் பூங்கா என்றே அந்த ஒரு மாதமும் ஓடிவிட்டது. நவம்பரில் திரும்பிப் போகிறார். அதற்கு முன் நிஜமான ஒரு காட்டையும் ஆற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஆசை.

அக்டோபர் பள்ளி விடுமுறையில், டே ஆற்றங்கரையில் இருக்கும் டன்கெல்ட் என்ற சின்ன ஊரில் இரண்டு இரவு தங்குகிறோம். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்குப் பதினான்கு மாதம், அவள் பக்கியில் (குழந்தைத் தள்ளுவண்டியில்) வருவாள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சமதரையில் நன்றாக நடப்பார், இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கும். இணையத்தில் தேடினால் எல்லாப் பாதைக்கும் 'சுலபம்' என்றே போட்டிருக்கிறது. யாருக்குச் சுலபம் என்றுதான் தெரியவில்லை. குழந்தைகளோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

டேக்கரைவாசி | செப்டம்பர் 22, இரவு 10.55

டன்கெல்ட் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பெர்த்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. என் பிள்ளைகள் இருவரும் வேர் தடுக்கி விழுந்து நடை பழகியது அந்த ஊர்க் காட்டில்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எத்தனை மைல் என்று கணக்குப் போட்டுக் கிளம்பாதீர்கள். ஆறு வயதுப் பையன் குச்சி பொறுக்குவான், அம்மா மரத்தைப் பார்த்து நிற்பார், சின்னவள் இறங்க வேண்டும் என்று அழுவாள். ஒரு மைலுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் கோபம் வராது.

உங்களுக்கு ஏற்ற இடம் ஹெர்மிடேஜ். ஊருக்கு மேற்கே ஏ9 சாலையை ஒட்டி, ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பராமரிக்கும் காடு. கார் நிறுத்தத்திலிருந்து அருவி வரைக்கும் முக்கால் மைல்கூட இருக்காது. பிரான் என்ற சிற்றாறு கூடவே வரும். கொஞ்ச தூரத்திலேயே தலைக்கு மேல் ரயில் பாலம். மேலே ரயில் போனால் உங்கள் பையன் அங்கிருந்து நகர மாட்டான், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம் டக்ளஸ் ஃபிர் மரங்கள். பிரிட்டனிலேயே மிக உயரமான மரங்களில் சில இங்கே நிற்கின்றன. அம்மாவை அடிமரத்தில் கை வைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கோபுரத்தைக் கீழே நின்று பார்ப்பது போலக் கழுத்து வலிக்கும். இந்த மரத்தின் சொந்த ஊர் வட அமெரிக்கா. 1827இல் விதைகளை அங்கிருந்து பிரிட்டனுக்கு அனுப்பியவர் டேவிட் டக்ளஸ். அவர் பிறந்த ஸ்கோன் கிராமம் பெர்த்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளூர்ப் பையன் கடல் தாண்டிப் போய் அனுப்பிய விதைதான் இன்று அவர் பேரில் நிற்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பாதை முடியும் இடத்தில் ஓசியன் மண்டபம். 1750களில் அத்தோல் பிரபு குடும்பம் கட்டியது. பார்வையற்ற ஒரு பழங்காலப் புலவர் பெயரைப் பிற்பாடு வைத்தார்கள். உள்ளே போனால் முதலில் இரைச்சல்தான் கேட்கும், அதைத் தாண்டி வெளியே வந்தால் காலடியில் அருவி. அக்டோபரில் சால்மன் மீன்கள் அந்த அருவி மேல் தாவும். தண்ணீரைப் பொறுத்தது, நிச்சயம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரம் காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

ஒரே எச்சரிக்கை: அருவிக்குப் பக்கத்திலுள்ள பழைய கல் பாலத்திலும் பாறையிலும் பையன் கையை விடாதீர்கள். பாசி படிந்திருக்கும், வழுக்கும்.

லீத்மழை | செப்டம்பர் 23, காலை 8.10

ஹெர்மிடேஜ் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் விடுமுறை நாளில் கூட்டம் அதிகம், பத்து மணிக்கே கார் நிறுத்தம் நிரம்பிவிடும். நான் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பர்னம் ஊர்க் குன்றைச் சொல்வேன். 404 மீட்டர்தான். மேலே ஏறிவிட்டால் டே ஆறு வளைந்து போவதும் ஊரும் காடும் ஒரே பார்வையில் தெரியும். எங்கள் பெண் ஆறு வயதிலேயே ஏறினாள். குழந்தைகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பது என் கருத்து.

டேக்கரைவாசி | செப்டம்பர் 23, மதியம் 12.30

லீத்மழை, உங்கள் பெண் ஏறியிருப்பாள், நம்புகிறேன். என் பெரியவளும் ஏழு வயதில் ஏறினாள். பையனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 'இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கும்' என்று கேட்டவரே எழுதியிருக்கிறார், பாருங்கள். பர்னம் குன்றில் செங்குத்தான இடங்கள் உண்டு. மேலே போனவர் இறங்கித்தானே ஆக வேண்டும்? பக்கியும் அங்கே போகாது. அம்மாவைக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் மேலே போய்வருவது இந்தப் பயணத்துக்குச் சரியாக வராது. அவருக்காகத்தானே கிளம்புகிறார்கள்.

கூட்டம் பற்றிச் சொன்னது உண்மை. ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், அல்லது மூன்று மணிக்கு மேல் போங்கள். அக்டோபர் நடுவில் ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டும்.

லீத்மழை | செப்டம்பர் 23, மதியம் 1.05

முழங்கால் விஷயத்தைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். குன்று வேண்டாம். அதற்குப் பதில் அடிவாரத்தில் ஆற்றங்கரையோடு நடந்து பர்னம் ஓக் மரத்தைப் பார்க்கலாம். முழுக்கச் சமதரை. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் ஒரு காடு நடந்து வரும் அல்லவா? அந்தக் காட்டின் மிச்சம் என்று இந்த மரத்தைச் சொல்வார்கள். கீழ்க்கிளைகளுக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அடிமரத்தில் பொந்து இருக்கிறது, எங்கள் பெண்ணுக்கு அதுதான் வீடு.

அம்மம்மாவின்பேரன் | செப்டம்பர் 23, மாலை 6.45

வணக்கம் அக்கா. நாங்கள் கிளாஸ்கோவில் இருக்கிறம், யாழ்ப்பாணத்து ஆட்கள். போன வருடம் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு டன்கெல்ட் போனோம், கோச்சியில் (ரயிலில்). பெர்த் வழியாக இன்வர்னஸ் போகும் பாதையில் டன்கெல்ட் அன்ட் பர்னம் என்ற நிலையம். இறங்கும் இடம் பர்னம் பக்கம், அங்கிருந்து டன்கெல்டுக்கு இருபது நிமிட நடை. அந்த நடையே நல்லாயிருக்கும். தாமஸ் டெல்ஃபோர்ட் 1809இல் கட்டி முடித்த கல் பாலத்தால் டே ஆற்றைக் கடந்து ஊருக்குள் போவீர்கள்.

ஆனால் கோச்சி மணிக்கு மணி வராது. நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக் கதைத்துக்கொண்டு இருந்ததில் ஒன்றைத் தவறவிட்டோம். அடுத்ததுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் குளிருக்குள் இருந்தோம், சின்னப் பிள்ளைகளோடு. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை இருப்பதால் கார் இருந்தால் காரே நல்லது.

உடுப்பு விஷயம்: ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, பாரமாகிவிடும். அம்மாவுக்கு சேலைக்கு உள்ளே தெர்மல் காற்சட்டை, காலுக்கு நல்ல பிடிப்புள்ள சப்பாத்து. அம்மம்மா சேலையை ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தவா.

உண்ணி கட்டாயம் பாருங்கள். பன்னத்தாவரம் வளர்ந்த இடத்திலும் நீளப் புல்லிலும் இருக்கும், எள்ளளவுதான். திரும்பி வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமயிர் ஓரம் எல்லாம் வெளிச்சத்தில் தடவிப் பார்க்க வேணும். கடித்திருந்தால் நசுக்கக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது. மருந்துக்கடையில் விற்கும் சின்னக் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்துக் கழற்றலாம். பிறகு சில கிழமைக்குள் (வாரங்களுக்குள்) சிவப்பு வட்டம் பரவினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். லைம் நோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும், நேரத்துக்கு மருந்து எடுத்தால் சுகமாகிவிடும்.

கும்பகோணத்துப்பெண் | செப்டம்பர் 24, இரவு 9.15

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'சேலையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நடந்தாங்களாமா' என்று இரண்டு தடவை கேட்டார்.

இன்னும் சில சந்தேகம். பக்கி ஹெர்மிடேஜில் போகுமா, முதுகில் கட்டும் பை வாங்க வேண்டுமா? வழியில் வேலியும் கேட்டும் வந்தால் உள்ளே போகலாமா? யாராவது வந்து திட்டினால் அம்மா பயந்துவிடுவார். அப்புறம் கழிப்பறை. மழை கொட்டினால் இரண்டாம் நாள் என்ன செய்வது?

டேக்கரைவாசி | செப்டம்பர் 24, இரவு 10.40

பக்கி: சக்கரம் பெரிதாக இருந்தால் மண்டபம் வரை போகும். சில இடத்தில் வேர்கள் குறுக்கே ஓடும், இருவர் பிடித்துத் தூக்கினால் சரி. குடை போல மடங்கும் சின்னச் சக்கர வண்டி வேண்டாம். முதுகுப்பை யாரிடமாவது இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், புதிதாக வாங்கத் தேவையில்லை.

கழிப்பறை: ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மாற்று உடை ஒரு செட் காரிலேயே இருக்கட்டும்.

வேலி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டுகிறேன். ஸ்காட்லாந்தில் 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி காடு, மலை, ஆற்றங்கரை, மேய்ச்சல் நிலம் என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும், சொந்தக்காரர் யாராக இருந்தாலும், பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. குடியுரிமையோ அனுமதிச் சீட்டோ கேட்பதில்லை. சுற்றுலா விசாவில் வந்த உங்கள் அம்மாவுக்கும் அந்த நிலப் பிரபுவுக்கும் அந்தப் பாதையில் ஒரே உரிமை. எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவே இல்லை. நான் வந்த புதிதில் ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் தயங்கி நிற்பேன்.

வீட்டுத் தோட்டத்துக்குள் போகக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது. திறந்திருந்த கேட்டைத் திறந்தே விட வேண்டும், மூடியிருந்ததை மூடிவிட வேண்டும். கன்றோடு நிற்கும் மாட்டிடம் நெருங்காதீர்கள். நம் ஊரில் தடவிக் கொடுப்போம், இங்கே அது துரத்தும்.

மழை: தூறல் என்றால் நடங்கள், மரத்தடியில் பாதி மழைதான் விழும். கொட்டினால் பர்னத்தில் குழந்தைக் கதை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் பற்றிய கண்காட்சி இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய முயலும் முள்ளெலியும் சின்னச் சிலைகளாக நிற்கும். உங்கள் பையனுக்குப் பீட்டர் முயல் தெரிந்திருக்குமே. 1893 செப்டம்பர் 4 அன்று, டன்கெல்டில் விடுமுறைக்குத் தங்கியிருந்தபோது, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில்தான் முயல் பிறந்தது.

அவருக்குக் காளான்கள் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து இன்வர் கிராமத்துத் தபால்காரர் சார்லஸ் மக்கின்டாஷ். மர அறுவை ஆலையில் ஒரு கை விரல்களை இழந்தவர். தினமும் கடிதப் பையோடு மைல் கணக்கில் நடந்து, வழியில் தெரிந்த பாசியையும் காளானையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் அளவுக்குக் கற்றுக்கொண்டவர். நீங்கள் போகும் பருவத்தில் பிர்ச் மரத்தடியில் வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் காளான் இருக்கும். விஷம். பார்க்கலாம், தொட வேண்டாம் என்று பையனுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

மழைப்பறவை | செப்டம்பர் 25, காலை 7.20

டன்கெல்டிலிருந்து இரண்டு மைலில் லோஸ் ஏரி இருப்பதை யாரும் சொல்லவில்லையே. ஸ்காட்டிஷ் வனவிலங்கு அறக்கட்டளையின் சரணாலயம், சிறு கட்டணம் உண்டு. அங்கே புகழ் ஆஸ்ப்ரே பறவைக்குத்தான். விரால் அடிப்பான் என்று நாம் சொல்வது இதைத்தான், முழுக்க மீன் தின்னும் கழுகு இனம். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வந்து கூடு கட்டும், ஆகஸ்ட் கடைசிக்குள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். அக்டோபரில் கூடு காலியாகத்தான் இருக்கும். பையனிடம் கழுகு காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே தீவனம் வைத்திருப்பார்கள், சிவப்பு அணில் வரும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். முழங்காலுக்கு இதைவிட நல்ல நடை கிடையாது. சாயங்காலம் ஐஸ்லாந்திலிருந்து வரும் காட்டு வாத்துகளின் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் கூட்டம் கண்ணில் படும். நீர்நாய் மாதிரி இருக்கும் பீவரும் அந்த ஏரியில் உண்டு. இருட்டும் நேரத்தில்தான் வெளியே வரும். கரையில் பென்சில் சீவியது போல அது கடித்த மரங்களைப் பகலிலேயே பார்க்கலாம்.

கும்பகோணத்துப்பெண் | அக்டோபர் 19, இரவு 10.20

போய் வந்துவிட்டோம்! கேட்டுவிட்டுக் காணாமல் போகக் கூடாது என்று இன்றே எழுதுகிறேன்.

முதல் நாள் காலை ஒன்பதேகாலுக்கு ஹெர்மிடேஜ். மூன்றே மூன்று கார்கள்தான் நின்றன. இரவெல்லாம் மழை, காலையில் தூறல். ரயில் பாலத்துக்குக் கீழே பையன் நின்றான், நாங்களும் நின்றோம், இருபது நிமிடம் கழித்து ஒரு ரயில் போனது. டேக்கரைவாசி எச்சரித்திருக்காவிட்டால் ஐந்தாவது நிமிடமே இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஆற்றைப் பார்த்ததும் பையன், 'அம்மா, இது டீ' என்றான். உண்மையிலேயே பால் விடாத டீ நிறம். நுரைகூட வெளிர் பழுப்பு. அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்தார், கையில் எடுத்தால் தெளிவாகத்தான் இருந்தது. மேலே மலையில் செடிகொடி மக்கிக் கிடக்கும் கரிநிலத்தில் ஊறி வருவதால் இந்த நிறம் என்று பலகையைப் பார்த்துச் சொன்னேன். 'காவேரியில புதுத் தண்ணி வரும்போதும் இப்படித்தான் நிறம் மாறும், ஆனா அது மண்ணு' என்றார்.

மரத்தடியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். பட்டை தடிமனாக, விரல் நுழையும் ஆழத்துக்கு வெடித்திருந்தது. அந்த வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, 'உள்ளே காஞ்சிருக்குடி, இவ்வளவு மழையிலயும்' என்றார். எனக்கு அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கவே இருக்காது.

அருவியில் வெள்ளம். முதல் கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. குளிர், சின்னவள் சிணுங்கல், கணவர் 'போகலாமா' என்று பார்த்தார். அப்போது பழுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து கருப்பாக ஒன்று எம்பி, உடம்பை வில்லாக வளைத்து, பாறையில் மோதி, மறுபடி விழுந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். பையன் போட்ட கத்தலில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக. அம்மா எண்ண ஆரம்பித்தார். பதினேழு. ஒன்றுகூட மேலே போகவில்லை. ஒவ்வொன்று விழும்போதும் 'ஐயோ' என்று நெஞ்சில் கை வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றோம். நான் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் போனது. ஃபிளாஸ்க் காபியும் புளியோதரையும் அங்கேயே திறந்தோம்.

மத்தியானம் டன்கெல்ட் தேவாலயம். பாதிக்கு மேல் கூரை இல்லை, மறுபாதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது. பக்கத்தில் 1738இல் நட்ட லார்ச் மரம் நிற்கிறது. அத்தோல் பிரபுக்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நட்ட லட்சக்கணக்கான லார்ச் மரங்களுக்கு அது தாய் மரமாம். ஏற முடியாத பாறை மேல் விதையைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை. பையன் இரவு தூங்கும் வரை பீரங்கிதான். லார்ச் ஊசி இலைகள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன, அம்மாவின் ஸ்வெட்டர் முழுக்க ஒட்டியிருந்தது.

இரண்டாம் நாள் பர்னம் ஓக், பிறகு லோஸ் ஏரி. சிவப்பு அணில் இரண்டு வந்தன. முதுகில் மூன்று கோடு இல்லையே, இது ராமர் தொடாத அணில் என்று பையனிடம் அம்மா சொல்ல, அவன் ஏன் தொடவில்லை என்று கேட்க, அந்த ஜன்னலோரத்தில் அரை மணி நேரம் சேது பந்தனம் நடந்தது. வாத்துச் சத்தமும் கேட்டோம். பீவரைப் பார்க்கவில்லை, அது சீவிய மரத்தைப் பார்த்தோம்.

உண்ணி ஒன்று, பையனின் முழங்கால் மடிப்பில். அம்மம்மாவின்பேரன் சொன்ன கொக்கியால் எடுத்துவிட்டோம். சிவப்பு வருகிறதா என்று தினமும் பார்க்கிறேன். தம்பி, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த மீன்கள் கடைசியில் மேலே போகுமா? அம்மா இரண்டு நாளாக இதையேதான் கேட்கிறார்.

டேக்கரைவாசி | அக்டோபர் 19, இரவு 11.05

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினேழு பார்த்திருக்கிறீர்கள்! நான் பல வருடம் ஒன்றிரண்டோடு திரும்பியிருக்கிறேன்.

அந்த அருவி அவற்றுக்கு உயரம் அதிகம், தாண்ட முடியாது. ஆனால் அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தாவிப் பார்த்துவிட்டுக் கீழேயே கூழாங்கல் படுகையில் பள்ளம் பறித்து முட்டையிடும். வசந்த காலத்தில் குஞ்சு வரும்.

கும்பகோணத்துப்பெண் | அக்டோபர் 20, காலை 7.50

சொல்லிவிட்டேன். 'அப்பச் சரி' என்றார். காபி குடித்து முடித்ததும், அந்தக் கழுகு ஏப்ரலில் எத்தனாம் தேதி வரும் என்று கேட்டார். டிக்கெட்டை மாற்றலாமா என்று பார்க்கிறோம். மழைப்பறவை, எந்த வாரம் வந்தால் நல்லது?

மழைப்பறவை | அக்டோபர் 20, காலை 8.30

ஏப்ரல் நடுவில் வரச் சொல்லுங்கள். ஆணும் பெண்ணும் வந்து கூட்டில் இருக்கும். காலையில் போனால் குச்சி தூக்கி வருவதைப் பார்க்கலாம். தெர்மல் காற்சட்டையை மட்டும் ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்.